வீட்டிலேயே டூல்பாரும் ரிப்பரும் செய்யலாமா?

கேள்வி: என்னிடம் 45 எச்.பி. டிராக்டர் இருக்கிறது. பல வருடமாக ஒரே ஆழத்தில் உழுததில் அடிமண் இறுகிப்போய் மழைத்தண்ணீர் மேலேயே நிற்கிறது. கையில் இருக்கும் சி சேனலில் டூல்பார் (டிராக்டருக்குப் பின்னால் கருவி மாட்டும் குறுக்குச் சட்டம்) செய்து, லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிமண்ணைக் கிழிக்கும் ரிப்பருக்கு இரண்டு கால் வெட்டி அதிலேயே வெல்டிங் வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். தாங்குமா?

பதில்: செய்யலாம், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் நீங்கள் சொன்ன மூன்றையும் மாற்ற வேண்டும்.

சி சேனல் ஒரு பக்கம் திறந்தது. பாரம் ஏற்றினால் தாங்கும், முறுக்கினால் தாங்காது. ரிப்பர் செய்கிற வேலையே முறுக்குவதுதான். டூல்பாருக்கு முக்கால் மீட்டர் கீழே, கால் நுனியில் இருக்கும் கொழுவை மண் பின்னால் இழுக்கும்போது அந்த நெம்பு முழுவதும் டூல்பாரை உருட்டப் பார்க்கும். 100 மி.மீ. சதுரக் குழாய், சுவர் 8 அல்லது 10 மி.மீ. தடிமன் இருந்தால் நல்லது. சேனல்தான் இருக்கிறது என்றால் இரண்டை எதிரெதிரே கவிழ்த்து நீளம் முழுக்க வெல்டிங் வைத்துப் பெட்டியாக்கிவிடுங்கள்.

ஸ்பிரிங் பட்டையில் கார்பன் அதிகம். சாதாரணமாக வெல்டிங் வைத்தால் ஒட்டின மாதிரி தெரியும், அப்புறம் வெல்டிங்கை ஒட்டிய இடம் கண்ணாடி போல முறியும். காலுக்கு 25 மி.மீ. தடிமனுக்குக் குறையாத இரும்புத் தகடு எடுங்கள். ஸ்பிரிங் பட்டையை வீணாக்க வேண்டாம், போல்ட் போட்டு மாட்டும் கொழுவுக்கு அது அருமையான பொருள், தேய்ந்தால் கழற்றி மாற்றலாம். கொழு தரையோடு 20 முதல் 25 டிகிரி சாய்ந்திருந்தால் தானாகவே மண்ணுக்குள் இறங்கும், நிமிர்ந்து நின்றால் இழுவைதான் கூடும்.

முக்கியமான இடம் காலை மாட்டுவது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வெல்டிங் வேண்டாம். குழாயைச் சுற்றிப் பிடிக்கும் கவ்வியில் இரண்டு தகடுகள் வைத்து, நடுவில் காலை நிறுத்தி இரண்டு போல்ட் போடுங்கள். ஒன்று தடிமனானது, கால் அதைச் சுற்றித் திரும்பும். இன்னொன்று மெலிந்தது, 8.8 தரம் (போல்ட்டின் வலிமையைக் குறிக்கும் எண்), பாறையோ வேரோ மாட்டினால் அறுபட வேண்டியது அதுதான். எது உடைய வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யாவிட்டால் பாறை முடிவு செய்துவிடும், உடைவது பெரும்பாலும் கருவியைத் தாங்கும் கீழ்க் கரமான லோயர் லிங்க்காகவோ டிராக்டரின் பின்பக்க வார்ப்பாகவோ இருக்கும். அடிக்கடி அறுகிறதே என்று இன்னும் வலுவான 10.9, 12.9 போல்ட்டை அந்த இடத்தில் போடவே போடாதீர்கள்.

இரண்டு கால் இப்போதைக்கு வேண்டாம். 40 செ.மீ. ஆழம் இறக்கினால் உங்கள் வண்டிக்கு நடுவில் ஒரு கால் போதும். கருவியை டிராக்டரோடு மாட்டும் பின்னின் (pin) அளவை அளந்துவிட்டுத் துளை போடுங்கள்: மூன்று முனை இணைப்பில் முதல் வகை (கேட்டகரி 1) என்றால் லோயர் லிங்க் பின் 22 மி.மீ., மேல் கரமான டாப் லிங்க் பின் 19. இரண்டாம் வகையில் 28, 25. உங்கள் எச்.பி.யில் இரண்டுமே வரும்.

இன்னொன்று, இரும்பு வாங்கும் முன்பே மழைக்குப் பிறகு ஒரு கம்பியை நிலத்தில் பல இடங்களில் குத்திப் பாருங்கள். ஓர் ஆழத்தில் இறங்க மறுத்து, அதைத் தாண்டியதும் இளகினால் அதுதான் கெட்டித்தட்டு. அதற்கு 5 செ.மீ. கீழே போனால் போதும். குத்திப் பார்க்க ஈரம் வேண்டும், கிழிப்பதற்கோ மண் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் மண் வெடிக்காது, கத்தி போட்ட மாதிரி ஒரு கோடு விழுந்து அதன் பக்கச்சுவர் மெழுகிவிடும். டீசலும் போய் தட்டும் அப்படியே இருக்கும்.

கேள்வி: ரிப்பர் மாட்டி ஓட்டும்போது முன்சக்கரம் லேசாகத் தூக்குகிறது. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், ஸ்டியரிங் பிடிக்காது. முன்னால் எடை ஏற்றி, ஆழத்தைக் குறையுங்கள். எங்காவது மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் கிளட்சை மிதித்து ரிப்பரைத் தூக்குங்கள். திரும்பும்போதும் தூக்கிவிட்டே திரும்ப வேண்டும், கால் மண்ணுக்குள் இருக்க வண்டியைத் திருப்பினால் கால் கோணிவிடும். போல்ட் மாற்றும்போது ஹைட்ராலிக்கை நம்பி அடியில் கை விடாதீர்கள், முதலில் கட்டையைக் கொடுங்கள்.