வவுனியாவில் ஒன்பது பேருக்கு வீடு: எந்தப் பக்கம் பார்ப்பது?

கேள்வி: நான் மட்டக்களப்பில் அரச திணைக்களம் ஒன்றில் பணிபுரிகிறேன். வருகிற தை மாதம் வவுனியா அலுவலகத்தில் கடமையேற்கும்படி இடமாற்றக் கடிதம் வந்திருக்கிறது. கிழமையில் இரண்டு நாட்கள் செட்டிகுளத்துக்கு வெளிக்களப் பணிக்கும் போக வேண்டும். கணவர், நான்கு பிள்ளைகள், மாமா, மாமி, கணவரை இழந்த மச்சாள் என்று வீட்டில் என்னோடு ஒன்பது பேர். மூத்த மகள் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க இருக்கிறாள். மகன்மார் இருவரும் எட்டாம் தரத்துக்கும் ஐந்தாம் தரத்துக்கும் போகிறார்கள். கடைசி மகளுக்கு நான்கு வயது. மாமிக்கு நீரிழிவு. கணவர் வீட்டிலிருந்து தையல் வேலை செய்கிறார். தெரிந்தவர் ஒருவர் மூன்று வீடுகள் சொல்லியிருக்கிறார். குருமன்காட்டில் மூன்று அறை வீடு, வாடகை அதிகம். நெளுக்குளத்துக்கு அப்பால் உள்ளே அரை ஏக்கர் வளவில் ஒரு பெரிய வீடு. ஓமந்தையில் அதைவிடப் பெரிய வீடு, வாடகை மிகக் குறைவு. பெரிய குடும்பம் என்பதால் ஓமந்தையே சரி என்று கணவர் சொல்கிறார். எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை.
— ஒரு வாசகி, மட்டக்களப்பு

பதில்:

அன்புள்ள சகோதரி,

மூன்று வீடுகளின் அறைகளையும் வளவையும் வாடகையையும் கவனமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் வாகனம் ஓட்டாத ஏழு பேர், அதாவது நான்கு பிள்ளைகளும் மாமாவும் மாமியும் மச்சாளும், ஒவ்வொரு நாளும் எங்கே போய் எப்படித் திரும்புவார்கள் என்பது அந்தக் கடிதத்தில் இல்லை. என் முடிவை முழுக்க அந்த ஏழு பேரை வைத்தே எடுக்கிறேன். உங்கள் அலுவலகப் பயணத்தை நீங்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வீர்கள். பகல் முழுவதும் அந்த ஊரிலேயே இருக்கப்போகிறவர்களுக்கு அது பொருந்துகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

ஓமந்தை வாழ முடியாத இடம் அல்ல. ஏ-9 வீதியில் இருக்கிறது, புகையிரத நிலையம் இருக்கிறது, மத்திய கல்லூரியும் இருக்கிறது. ஆனால் உயர்தர விஞ்ஞானத்துக்காக உங்கள் மகள் வவுனியா நகருக்கு வர வேண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். பாடசாலை முடிந்த பிறகு ரியூசனும் இருக்கும். வைரவபுளியங்குளம், குருமன்காடு பக்கங்களில்தான் அந்த வகுப்புகள் பெருகிக் கிடக்கின்றன. அவை மாலை மங்கிய பிறகும் நடக்கும். பதினேழு வயதுப் பிள்ளை இருட்டிய பின் பஸ்ஸுக்குக் காத்து நின்று, இறங்கிய இடத்திலிருந்து உள்வீதியில் நடந்து வீடு வர வேண்டும் என்றால், கணவரோ மாமாவோ ஒவ்வொரு மாலையும் போய் அழைத்துவர வேண்டும். மாமியின் கிளினிக் நாளில் விடியற்காலையிலேயே ஆட்டோ பிடிக்க வேண்டும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் வாடகையில் மிஞ்சும் பணம் கையில் நிற்காது. செட்டிகுளத்துக்குப் போகும் உங்களுக்கும் ஓமந்தை எதிர்த்திசை. ஆகவே அந்த வீட்டை விட்டுவிடுங்கள். கணவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், அவரும் ஒத்துக்கொள்வார்.

இனித் தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மட்டக்களப்பின் மணற்பாங்கான நிலத்தில் சிறிது ஆழத்திலேயே தண்ணீரைக் கண்டு பழகியவர்கள் வன்னியின் கிணறுகளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் வீட்டை எடுத்துவிடுகிறார்கள். இங்கே அடியில் பாறை. கிணறு ஆழமாக இருக்கும், கோடையில் நீர் இறங்கும், ஆவணி புரட்டாதியில் சில வளவுகளில் கிணறு அடிதட்டும். தண்ணீர் இருக்கும் கிணற்றிலும் கல்சியம் மிகுந்த கடினநீராக இருக்கலாம், புளோரைட் கூடுதலாக இருக்கலாம். இலங்கைத் தரப்படி குடிநீரில் புளோரைட் லீற்றருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது உங்கள் நான்கு வயது மகள்தான், ஏனென்றால் நிரந்தரப் பற்கள் முரசுக்குள் உருவாகும் காலத்தில், ஏறக்குறைய எட்டு வயது வரை, குடிக்கும் தண்ணீரே பின்னால் பல்லில் கபிலக் கறையாகத் தெரியும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கடினத்தன்மையில் ஒரு பகுதி கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படியும், ஆனால் புளோரைட் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

வட மத்திய மாகாணத்தில் பெருமளவில் காணப்படும் நாட்பட்ட சிறுநீரக நோயின் பாதிப்பு வவுனியா மாவட்டத்திலும் உண்டு. அந்த நோய்க்கான காரணம் இதுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. நிலத்தடி நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் சந்தேகிக்கப்படும் காரணிகளுள் அடங்கும். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நீரிழிவு தன்னளவிலேயே சிறுநீரகத்தைச் சோதிக்கும் நோய் என்பதால், மாமி குடிக்கும் தண்ணீரில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை என்பதற்காகவே எழுதுகிறேன். எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் அறைகளைப் பார்ப்பதற்கு முன் குழாய்நீர் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பேராறு நீர்த்தேக்கத்திலிருந்து நகருக்கும் அதைச் சூழ்ந்த பகுதிகளுக்கும் குழாய்நீர் வருகிறது. ஆனால் ஒரே வீதியில் ஒரு வீட்டுக்கு இணைப்பு இருக்கும், அடுத்த வீட்டுக்கு இருக்காது. கிணறு மட்டுமே என்றால், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் ஒரு போத்தல் நீரைக் கொடுத்துப் பரிசோதித்த பிறகே முற்பணம் கொடுங்கள். சுத்திகரித்த நீரைக் கானில் வாங்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்லக்கூடும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லீற்றர் என்று வைத்தாலும் ஒன்பது பேருக்கு நாளொன்றுக்கு 45 லீற்றர், அதாவது 20 லீற்றர்க் கான் இரண்டுக்கு மேல். அதை ஒவ்வொரு நாளும் யார் தூக்கி வருவது என்பதையும் யோசியுங்கள். பெரும்பாலும் அது மச்சாளின் தலையில்தான் விழும்.

நெளுக்குளத்துக்கு அப்பாலுள்ள அந்த அரை ஏக்கர் வளவைப் பொறுத்தவரை, தண்ணீர் இல்லாத கவலை ஒரு பக்கம், தண்ணீர் ஏறும் கவலை மறுபக்கம். வவுனியாவின் ஊர்ப்பெயர்களில் பல குளம் என்று முடிவதை நீங்களே கவனித்திருப்பீர்கள். அவை வெறும் பெயர்கள் அல்ல. ஒரு குளம் வான் பாய்ந்தால் அந்த நீர் அடுத்த குளத்துக்குப் போகும் வழியில்தான் இன்று பல குடியிருப்புகள் இருக்கின்றன. வயலாகக் கிடந்த துண்டுகளுக்குக் கிறவல் கொட்டி உயர்த்தி வீடு கட்டியிருக்கிறார்கள். கோடையில் பார்த்தால் அழகான வளவு, கார்த்திகையில் பார்த்தால் முற்றத்தில் முழங்காலளவு நீர். உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது: தை மாதம் குடிவர வேண்டியவர்கள் நீங்கள், ஆகவே வீடு பார்க்கப்போகும் காலமே மாரி. எந்த வளவானாலும் இரண்டு நாள் அடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள் வந்து பாருங்கள். குளக்கட்டு எந்தப் பக்கம், வாய்க்கால் எங்கே, பிரதான வீதிக்கு வரும் பாதையில் நீர் நிற்கிறதா என்று நடந்து பாருங்கள். 2025 கார்த்திகையில் டித்வா புயலோடு வந்த மழைக்கு நீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வீட்டுக்காரரைவிட அயலவர் உண்மை சொல்வார்.

குருமன்காட்டு வீட்டைப் பற்றி எனக்கு வேறு தயக்கம். இடம் நல்லது; நகருக்கு நடக்கலாம், மருத்துவமனை பக்கம், மகளுக்கு ரியூசன் பக்கம். ஆனால் மூன்று அறைகளில் மாமாவும் மாமியும் ஒன்று, நீங்கள் இருவரும் சின்ன மகளும் ஒன்று, மிஞ்சும் ஓர் அறையில் மகன்மாரும் மூத்த மகளும் மச்சாளுமா? உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு இருக்க ஒரு மூலை வேண்டும். கணவரின் தையல் மெஷினுக்கும் வெட்டும் மேசைக்கும் இடம் வேண்டும். அந்த வீடு ஆறு மாதத்தில் எல்லோரையும் சலிப்படைய வைத்துவிடும்.

எனவே நான் சொல்வது, நீங்கள் எழுதிய மூன்றையும் விட்டு, மன்னார் வீதியை ஒட்டிய பகுதியில் பண்டாரிகுளம் தொடங்கி வேப்பங்குளம், நெளுக்குளம் சந்தி வரை தேடுங்கள் என்பது. செட்டிகுளம் போகும் உங்களுக்கு அது போகிற வழி. நகருக்கும் பஸ் உண்டு, சைக்கிளிலும் போகலாம். பண்டாரிகுளத்தில் விபுலானந்தாக் கல்லூரி இருக்கிறது, நெளுக்குளத்தில் கலைமகள் மகா வித்தியாலயம் இருக்கிறது. மகன்மார் அவற்றுக்குத் தாங்களாகவே போய்வருவார்கள். மூத்த மகளுக்கு இறம்பைக்குளம் மகளிர் மகா வித்தியாலயத்தையும் சைவப்பிரகாச மகளிர் கல்லூரியையும் முதலில் கேட்டுப் பாருங்கள். ஒரே பெரிய வீடு கிடைக்கவில்லையென்றால் ஒரே வளவில் அல்லது அடுத்தடுத்து இரண்டு சிறு வீடுகளை எடுப்பதைப் பற்றி யோசியுங்கள். சமையல் ஒரு வீட்டில், தையலும் மகளின் படிப்பும் மற்றதில், மச்சாளுக்கும் தனக்கென்று ஓர் அறை. இதில் குடும்பம் பிரிந்ததாக ஒருவரும் நினைக்க வேண்டியதில்லை. வீதியோரமாகவும் பாடசாலைக்குப் பக்கத்திலும் வீடு அமைந்தால் கணவருக்கும் நல்லது. புதிய தவணை தொடங்கும் நேரத்தில் சீருடை தைக்கப் பெற்றோர் தையற்காரரைத் தேடுவார்கள், ஆகவே அவர் பெயர்ப் பலகையோடு முன்கூட்டியே வந்துவிடலாம்.

வீட்டுக்காரரிடம் ஒன்பது பேர் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்துக் குடிவந்தால் மலசலகூடக் குழி நிறைவதிலிருந்து மின்கட்டணம் வரை எல்லாவற்றுக்கும் முகம் சுழிப்பார்கள். உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்றும் கேட்க வேண்டும். வன்னியில் பல காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் மூலம் கொடுக்கப்பட்டவை. அவற்றை அரசின் சம்மதமின்றிக் குத்தகைக்குக் கொடுக்க முடியாது. அப்படியான வீட்டில் நொத்தாரிசு உடன்படிக்கை எழுதப் பெரும்பாலும் தயங்குவார்கள், வாய்ப்பேச்சிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் சட்டத்தில் நிற்காது. நீங்கள் ஒரு வருட முற்பணம் கொடுத்துவிட்டு இடையில் எழும்ப நேர்ந்தால், கையில் காட்டுவதற்கு ஒன்றுமிருக்காது.

சின்ன மகளின் முதலாம் தரம் இந்த முடிவோடு பின்னியிருக்கிறது. பிள்ளை சேரும் ஆண்டின் ஜனவரி 31 ஆம் திகதி ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும், விண்ணப்பமோ முந்திய ஆண்டிலேயே முடிந்துவிடும். பாடசாலைக்கு அண்மையில் வசிப்பவர்களுக்கான பிரிவில்தான் இடங்கள் அதிகம். ஆனால் அதில் கடந்த ஐந்தாண்டு வாக்காளர் இடாப்புப் பதிவுக்குப் புள்ளி இருப்பதால், புதிதாக வருகிறவர்கள் வீட்டு வாசலில் பாடசாலை இருந்தாலும் பின்தங்குவார்கள். சேவையின் தேவை கருதி இடமாற்றம் பெற்ற அரச உத்தியோகத்தர்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. உங்கள் இடமாற்றக் கடிதம் சொந்த வேண்டுகோளின் பேரில் வந்ததா, சேவைத் தேவைக்காக வந்ததா என்று அதில் எழுதியிருப்பதைப் பாருங்கள். சேவைத் தேவை என்றால் அதைப் பத்திரமாக வையுங்கள். அதுவும் கைகொடுக்காவிட்டால் நகரின் பெரிய பாடசாலைக்காக அலையாமல், தாத்தாவின் கையைப் பிடித்து நடந்து போகக்கூடிய சிறிய பாடசாலையில் சேர்த்துவிடுங்கள். ஐந்து வயதில் அது போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

காணி வாங்குவதைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம், யார் மலிவாகத் தருகிறேன் என்றாலும். ஒரு மாரியையும் ஒரு கோடையையும் வாடகை வீட்டில் கழித்து, எந்தக் கிணறு வற்றுகிறது, எந்த வீதி மூழ்குகிறது, பிள்ளைகள் எந்தப் பக்கம் ஒட்டிக்கொள்கிறார்கள் என்று கண்டபின் பார்க்கலாம்.

புறப்படுமுன் பிள்ளைகளின் விடுகைப் பத்திரங்களோடு கிராம உத்தியோகத்தரின் வதிவுச் சான்றிதழையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாமியின் கிளினிக் வைத்தியரிடம் இடமாற்றத்தைச் சொல்லி, வவுனியா வைத்தியசாலைக்கு ஒரு மாற்றுக் கடிதமும், புதிய கிளினிக்கில் பதிந்து முதல் திகதி கிடைக்கும் வரை போதுமான மருந்தும் கேட்டு வாங்குங்கள்.