அந்தத் தெருவில் இனி எப்படி நடப்பது?

ஒரு கொலையோ கத்திக்குத்தோ பெரிய செய்தியாகிவிட்டால், அடுத்த சில நாட்களுக்கு வருகிற கேள்விகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாயலில்தான் இருக்கும். பாதி பயம், பாதி கோபம். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் பிரிவு எண்களுக்குள் போகவில்லை.

எங்கள் வட்டாரத்தில் நடந்த கொலைக்குப் பிறகு யாரைக் கேட்டாலும் ‘காலம் கெட்டுப்போச்சு’ என்கிறார்கள். நிஜமாகவே குற்றங்கள் கூடிக்கொண்டுதான் போகின்றனவா?

இதில் உங்கள் மனசு சொல்வதை நம்ப வேண்டாம். என் மனசு சொல்வதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்துக்குப் பிறகு வன்முறைக் குற்ற விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் காலப் நிறுவனம் நடத்தும் கருத்துக்கணிப்பில் பெரும்பாலான ஆண்டுகள் ‘நாட்டில் போன வருஷத்தைவிடக் குற்றம் கூடிவிட்டது’ என்று சொன்னவர்களே அதிகம். அதே ஆட்களிடம் ‘உங்கள் பகுதியில்?’ என்று கேட்டால் அப்படிச் சொல்கிறவர்கள் குறைந்துவிடுவார்கள். தன் தெருவைக் கண்ணால் பார்க்கிறோம், நாட்டைச் செய்தியில் பார்க்கிறோம். வித்தியாசம் அங்கேதான்.

எது சட்டென்று நினைவுக்கு வருகிறதோ அதுவே அடிக்கடி நடப்பதாக மனசு கணக்குப் போடும் என்று ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973இலேயே எழுதிவிட்டார்கள். ஒரே கொலையின் காட்சியை ஒரு நாளில் முப்பது முறை பார்த்தால் அது முப்பது கொலையாகத்தான் உள்ளே இறங்கும்.

சரி, புள்ளிவிவரத்தையாவது நம்பலாமா? கவனமாக நம்பலாம். கொலை எண்ணிக்கை ஓரளவு உறுதியானது, ஏனென்றால் பிணத்தை மறைப்பது கடினம். அடிதடி, சீண்டல், வழிப்பறி போன்றவை அப்படியில்லை. புகார் கொடுத்தால்தான் கணக்கில் ஏறும். பாலியல் குற்றப் புகார்கள் ஒரு வருடம் திடீரென்று கூடினால், குற்றம் கூடியிருக்கலாம். இதுவரை வாய் திறக்காதவர்கள் திறக்கத் தொடங்கியிருக்கவும் செய்யலாம். இன்னொன்று, சின்ன ஊரில் ஒன்று இரண்டானால் ‘100 சதவீத உயர்வு’ என்று தலைப்பு வரும். ஐந்து வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்க்காமல் எதையும் முடிவுகட்டாதீர்கள்.

இரவுப் பணி முடிந்து நடந்தே வீட்டுக்குப் போகிறேன். ‘பெண்களுக்கு வீண் பயம், உண்மையில் அதிகம் கொல்லப்படுவது ஆண்கள்தான்’ என்று உடன் வேலை செய்பவர் சொல்கிறார். என் பயம் மிகையா?

அவர் சொன்ன எண் சரி, எடுத்த முடிவு தப்பு. உலகில் கொலையாகிறவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். தெரு வன்முறையில் அதிகம் மாட்டுவது இளைஞர்கள், குறைவாகப் பயப்படுவதும் அவர்களே. பெண்களும் முதியவர்களும் கூடுதலாகப் பயப்படுகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று பழமொழி சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

ஆனால் உங்கள் கணக்கில் இருக்கிற விஷயங்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பின்னாலேயே இரண்டு தெரு வந்த ஆள், வேகத்தைக் குறைத்து ஜன்னலை இறக்கிய கார், போகிற போக்கில் காதில் விழுந்த ஆபாசம், இதற்கெல்லாம் யார் புகார் கொடுக்கிறார்கள்? பேசாத ஃபோனில் பேசுவதுபோல் நடிப்பது, சாவியை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொள்வது, ஆள் வந்தால் எதிர்ப்பக்கம் மாறுவது என்று நீங்கள் செய்கிற நூறு சின்னச் சின்ன ஜாக்கிரதைகளால்தான் பல நாள் ஒன்றும் நடக்காமல் போகிறது. அதைக் காட்டியே ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்பது நியாயமில்லை.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐநா மதிப்பீட்டின்படி 2023இல் உலகம் முழுக்கச் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவராலோ குடும்பத்தாராலோ கொல்லப்பட்டார்கள். கொலையான பெண்களில் இது ஏறத்தாழ 60 சதவீதம். தெருவை எச்சரிக்கையோடு பார்க்கச் சொல்லும் சமூகம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கத் தயங்குகிறது.

நடைமுறைக்கு வருவோம். குறுக்குவழி இருட்டாக இருந்தால் ஐந்து நிமிடம் கூடுதலானாலும் ஆள் நடமாட்டம் உள்ள வழியே மேல். இரண்டு காதிலும் ஹெட்ஃபோன் வேண்டாம். யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால் வீட்டுக்குப் போகாதீர்கள், விளக்கெரிகிற ஏதாவது ஓர் இடத்துக்குள் நுழையுங்கள். வீடு எது என்று அவனுக்குக் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை. அப்புறம், நள்ளிரவில் வேலையை முடித்து அனுப்புகிற நிறுவனத்துக்கு நீங்கள் வீடு சேர்வதிலும் பொறுப்பு உண்டு. இரவுப் பணியில் இருக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். தனியாக வாயால் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பார்கள்.

ஓர் இளைஞரைப் பட்டப்பகலில் வெட்டும் காணொளியைப் பார்த்தேன். சுற்றிலும் அத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருவரும் நெருங்கவில்லை. ஒருவர் ஃபோனில் படம் பிடிக்கிறார். மனிதர்களுக்கு ஈரமே வற்றிவிட்டதா?

இந்தக் கேள்விக்கு அறுபது வருட வரலாறு உண்டு. 1964இல் நியூயார்க்கில் ஓர் இளம்பெண் வீட்டு வாசலருகே கொல்லப்பட்டபோது, 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று ஒரு நாளிதழ் எழுதியது. உலகமே தலையில் அடித்துக்கொண்டது. பின்னாளில் அந்த எண்ணிக்கை ஊதிப் பெருக்கப்பட்டது என்று அந்த நாளிதழே எழுதியது. பெரும்பாலானோர் எதையும் முழுசாகப் பார்க்கவில்லை. ஒருவர் ஜன்னலிலிருந்து கத்தியதில் கொலையாளி கொஞ்ச நேரம் விலகி ஓடினான். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் இறங்கி வந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவளைக் கைகளில் தாங்கிக்கொண்டிருந்தார். தாங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண் கதையில் இடம்பெறவில்லை. கதை அப்போதுதானே காரமாக இருக்கும்!

ஆனாலும் அந்தச் செய்தி ஒரு நல்ல ஆய்வுக்கு வழிவிட்டது. 1968இல் டார்லி, லட்டானே என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், இன்டர்காமில் ஒருவர் வலிப்பு வந்து திணறுவதுபோல் குரல் கேட்கும். தான் ஒருவர்தான் அதைக் கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம்தான். ஈரம் வற்றியதல்ல காரணம். ‘வேறு யாராவது செய்திருப்பார்கள்’ என்ற நினைப்பு, அவ்வளவுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களின் சிசிடிவி பதிவுகளில் 219 தெருச் சண்டைகளை ஆய்வாளர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவராவது குறுக்கே வந்திருந்தார். ஆட்கள் அதிகமாக இருந்த இடத்தில் அந்த வாய்ப்பு கூடியது. சோதனைக்கூடத்து இன்டர்காம் போலில்லாமல், தெருவில் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடிகிறது. ஒருவர் அடியெடுத்து வைத்தால் மற்றவருக்கும் கால் நகர்கிறது. உதவியவர்கள் இருக்கும் காணொளி பரவுவதில்லை, யாரும் உதவாத காணொளி ஊரெல்லாம் சுற்றுகிறது. நீங்கள் பார்த்தது எதிலிருந்து வடிகட்டி வந்தது என்பதை மறக்க வேண்டாம்.

கையில் வெட்டரிவாளோடு நிற்பவனிடம் வெறுங்கையோடு போகச் சொல்ல மாட்டேன், யாரும் சொல்லக் கூடாது. ஆனால் செய்ய முடிந்தவை நிறைய உண்டு. போலீஸை அழைத்து, முதலில் இடத்தைச் சொல்லுங்கள். இணைப்பு அறுந்தாலும் வண்டி கிளம்பிவிடும். தூரத்திலிருந்து பல பேர் ஒரே நேரத்தில் கத்துவதும், வண்டி ஹாரனை விடாமல் அழுத்துவதும் தாக்குகிறவன் கவனத்தைச் சிதறடிக்கும். ‘யாராவது கூப்பிடுங்க’ என்று பொதுவாகக் கத்தினால் பலன் குறைவு. ‘நீலச் சட்டை, உங்களைத்தான், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க’ என்று ஆளைக் காட்டிச் சொன்னால் அவர் தப்பிக்க முடியாது. தாக்கியவன் போன பிறகு காயத்தில் துணியை வைத்து, கையை எடுக்காமல் பலமாக அழுத்திப் பிடியுங்கள். இரத்தப்போக்கில் நிமிடங்கள்தான் கணக்கு. கூட்டம் பின்வாங்கி நிற்பது பெரும்பாலும் அந்த நிமிடங்களில்தான்.

படம் பிடித்தவரை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஒருவர் போலீஸை அழைத்துவிட்டார் என்றால் பதிவு நல்ல சாட்சி. அது போக வேண்டிய இடம் காவல் நிலையம். குடும்ப வாட்ஸ்அப் குழு இல்லை.

‘பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது, பகிருங்கள்’ என்று ஒரு புகைப்படத்தோடு தகவல் வந்தது. உண்மையோ பொய்யோ, எச்சரிக்கைதானே, பகிர்ந்தால் என்ன?

பகிர்ந்தால் ஆள் சாவார். 2018இல் இந்தியாவில் இதே வகை வதந்தியால் ஒன்றுமறியாத பலர் அடித்தே கொல்லப்பட்டார்கள். மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஒரே நாளில் ஐந்து பேர். அதன் பிறகுதான் வாட்ஸ்அப் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது. அடித்தவர்களும் ‘எச்சரிக்கையாக’ இருந்தவர்கள்தான். தேதி, இடம், அனுப்பியவர் மூன்றும் இல்லாத தகவலை அழியுங்கள்.

குற்றவாளியை அன்றைக்கே சுட்டுத் தள்ளினால்தான் அடுத்தவனுக்குப் பயம் வரும். வழக்கு, விசாரணை என்று ஏன் இழுக்க வேண்டும்?

கோபம் புரிகிறது. இழுத்தடிப்பு உண்மை, அதைக் குறைக்க வேண்டியதும் உண்மை. ஆனால் ‘அன்றைக்கே’ என்பதில் ஒரு சின்னச் சிக்கல்: அன்றைக்குப் பிடிபட்டவன்தான் செய்தவன் என்று யாருக்குத் தெரியும்?

1989இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடப் போன ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். நகரமே கொந்தளித்தது. மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி முழுப் பக்க விளம்பரங்கள் வந்தன. 14 முதல் 16 வயது வரையிலான ஐந்து பையன்கள் தண்டிக்கப்பட்டார்கள். பிறகு வேறொருவன் தானே செய்ததாக ஒப்புக்கொண்டான், டிஎன்ஏ அவனோடு பொருந்தியது. 2002இல் ஐந்து பேர் மீதான தீர்ப்புகளும் ரத்தாயின. ஊர் கேட்ட வேகத்தில் முடித்திருந்தால்? உண்மையான குற்றவாளி அதற்கு அடுத்த சில மாதங்களில் மேலும் பெண்களைத் தாக்கினான், ஒருவரைக் கொன்றான். தப்பான ஆளைப் பிடித்தால் சரியான ஆள் வெளியில் இருப்பான் என்பதைக் கூட்டம் யோசிப்பதே இல்லை.

பயம் எதனால் வரும் என்பதை இத்தாலியரான பெக்காரியா 1764இலேயே எழுதினார்: தண்டனையின் கொடுமையைவிட, பிடிபடுவது நிச்சயம் என்பதே குற்றத்தைத் தடுக்கும். பிற்கால ஆய்வுகள் பெரும்பாலும் இதன் பக்கம்தான் நிற்கின்றன. போதையிலோ வெறியிலோ கத்தியை எடுப்பவன் எத்தனை வருடம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அதனால் கேட்க வேண்டியது வேறு. புகாரை உடனே வாங்கினார்களா? தடயத்தைப் பாதுகாத்தார்களா? சாட்சிக்குப் பாதுகாப்பு உண்டா? ஊர்வலத்தில் இதைக் கோஷமாகப் போட முடியாதுதான். இதைக் கேட்காத ஊர்வலத்தை அதிகாரிகள் சுலபமாகக் கடந்துவிடுவார்கள்.

குடியிருப்போர் சங்கத்தில் சிசிடிவியா, தெருவிளக்கா என்று ஒரே வாக்குவாதம். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. போலீஸிடம் ரோந்தும் கேட்கிறோம்.

விளக்கு. நியூயார்க்கில் 2016இல் அரசுக் குடியிருப்புகளுக்கு நடுவே தற்காலிக விளக்குக் கோபுரங்களை வைத்துப் பார்த்தார்கள். வைத்த இடங்களில் இரவுநேர வெளிப்புறக் கடுங்குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. கேமரா நன்றாக வேலை செய்வது வண்டி நிறுத்துமிடங்களில். ஆவேச வன்முறையைத் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு இல்லை, நடந்த பிறகு ஆளைக் கண்டுபிடிக்க உதவும்.

ஆனால் எங்கே வைப்பது? அதுதான் முக்கியம். மினியாபொலிஸ் நகரத்தை ஆராய்ந்து 1989இல் வெளியான ஆய்வில், போலீஸுக்கு வந்த அழைப்புகளில் பாதி வெறும் 3 சதவீத முகவரிகளிலிருந்து வந்தவை. எந்த ஊரிலும் பெரும்பாலும் கதை இதுதான். ஆகவே தெரு முழுக்கச் சமமாகப் பங்கு போடாதீர்கள். இரவு பத்து மணிக்கு ஐந்தாறு பேர் நடந்து பாருங்கள், அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். விளக்கு எரிகிறது, ஆனால் கிளை மறைக்கிறது என்பது பகலில் தெரியாது. கண்ணைக் கூசவைக்கும் ஒற்றை விளக்கு அதற்குப் பின்னால் இருப்பதை இன்னும் இருட்டாக்கும். கதவடைத்த கடை, ஒளிந்து நிற்க வசதியான சுவர் மூலை, யாரும் பார்க்காத சுரங்கப்பாதை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். டொரண்டோவில் பெண்கள் அமைப்பொன்று 1989இல் தொடங்கிய வழக்கம் இது. பல நாடுகளுக்குப் பரவியது.

ரோந்து கேட்கிறோம் என்று சொல்லியிருந்தீர்கள். 1972–73இல் கன்சாஸ் சிட்டியில் சில பகுதிகளில் வழக்கமான ரோந்தை நிறுத்தியும் சிலவற்றில் இரண்டு மூன்று மடங்காக்கியும் சோதித்தார்கள். குற்றத்தில் வித்தியாசமில்லை. மக்களும் மாற்றத்தைக் கவனிக்கவில்லை. ‘ரோந்து வேண்டும்’ என்று கேட்காமல், ‘இந்த முனையில், வெள்ளி சனி இரவு பத்திலிருந்து ஒன்று வரை’ என்று கேளுங்கள்.

மெழுகுவர்த்தி ஏந்துவதால் யாருக்கு லாபம்?

ஏந்துவதோடு நின்றால் அதிகமில்லை. 1977இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பகுதியில் தொடர்கொலைகள் நடந்தபோது, பெண்கள் இரவில் வெளியே வர வேண்டாம் என்று போலீஸ் சொன்னது. ‘கொல்பவன் ஆண், அடைபட வேண்டியது நாங்களா?’ என்று கேட்டு நவம்பரில் பெண்கள் தீப்பந்தங்களோடு தெருவுக்கு வந்தார்கள். ‘இரவை மீட்போம்’ என்ற அந்த அழைப்பு 2024 ஆகஸ்டில் கொல்கத்தா வரை கேட்டது. துக்கத்துக்கு ஒரு கூடல் வேண்டும், அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். கலைவதற்கு முன் யார் எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் மனுவோடு போவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாதுகாப்புக்குப் பையில் சின்னக் கத்தி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பல நாடுகளில் அதுவே குற்றம். பிடுங்கப்பட்டால் அது எதிராளியின் ஆயுதம். ஓடுவதற்கு ஏற்ற செருப்பும் சார்ஜ் உள்ள ஃபோனும் அதைவிட உதவும்.

எட்டு வயது மகள் ‘நம்மையும் யாராவது வெட்டுவாங்களாம்மா?’ என்று கேட்கிறாள். தூங்குவதில்லை.

முதலில் அவளுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். பாதி வகுப்பில் கேட்டது, பாதி நீங்கள் ஃபோனில் பேசும்போது காதில் விழுந்தது என்று இருக்கும். தப்பாகப் புரிந்துகொண்டதை மட்டும் திருத்துங்கள், புதிதாக விவரம் சேர்க்காதீர்கள். ‘நமக்கு ஒருக்காலும் ஒன்றும் ஆகாது’ என்று சத்தியம் செய்ய வேண்டாம். அடுத்த செய்தி வந்ததும் அது உடைந்துவிடும். ‘இப்படி நடப்பது ரொம்ப அபூர்வம். அதனால்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உன்னைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்’ என்று சொல்லுங்கள். அவள் விழித்திருக்கும் நேரத்தில் செய்திச் சேனலை அணைத்துவிடுங்கள். பள்ளி, விளையாட்டு, படுக்கும் நேரம் எதையும் மாற்றாதீர்கள். சில வாரங்கள் ஆகியும் தூக்கம் திரும்பாவிட்டாலோ, பள்ளிக்குப் போகவே மறுத்தாலோ குழந்தைகள் மனநல மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துப் போங்கள்.