விடுமுறைக்கு உறவினர் வீடு: திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

தொடர் விடுமுறை முடிந்த வாரத்தில் வந்த கடிதங்களில் பல, உறவினர் வீட்டுக்குப் போய்வந்ததைப் பற்றியவையாகவே இருந்தன. போன கதையைவிடத் திரும்பிய கதைதான் அவற்றில் அதிகம். ஆகவே இந்த முறை அவற்றுக்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மூன்று நாள் விடுமுறையில், ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கு இரண்டு குழந்தைகளுடன் சென்றிருந்தோம். கடைசி நாள் மதியமே கிளம்புவதாக இருந்தோம். “இராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டே போகலாமே, தம்பி” என்று நாத்தனார் சொன்னபோது என் கணவரால் மறுக்க முடியவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட்டு, விடியற்காலை மூன்றரைக்கு வீடு சேர்ந்தோம். வழியில் ஓரிடத்தில் கார் சாலையோரக் கோட்டைத் தாண்டி மண்ணில் இறங்கிய பிறகுதான் அவர் கண்ணயர்ந்துவிட்டது தெரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சக்கரம் மண்ணில் உரசிய அந்தச் சத்தம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. அவர்கள் மனம் நோகாமல் நேரத்தோடு கிளம்புவது எப்படி?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நீங்கள் நால்வரும் நலமாக வீடு சேர்ந்தீர்களே, அதுவே பெரிது.

உங்கள் கணவர் அன்று காலை ஆறு மணிக்கு எழுந்தார் என்று வைத்துக்கொள்வோம். இரவு பதினொரு மணிக்கு அவர் கண்விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். வீடு சேரும்போது அது 21 மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். டிரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் இணைந்து செயல்படும் திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்திருப்பவரின் திறன் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று கண்டார்கள். பல நாடுகளில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் விதிக்கும் உச்ச வரம்பே அதுதான். போதாக்குறைக்கு, இரவு இரண்டு மணியிலிருந்து காலை ஆறு வரை நம் உடற்கடிகாரம் தூக்கத்தின் பக்கமே இழுக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மூன்று வினாடியில் ஏறத்தாழ 66 மீட்டர் கடந்துவிடுகிறது. கண் அயர்வதற்கு அந்த மூன்று வினாடி போதும். அயர்ந்தவருக்குத் தாம் அயர்ந்ததே தெரியாது. ஜன்னலைத் திறந்து வைப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவுவதில்லை. வேறு வழியே இல்லாத நேரத்தில், பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு, பதினைந்து இருபது நிமிடம் தூங்கி எழுவது உதவும். காபியின் வீரியம் ஏறவும் ஏறத்தாழ அரை மணி நேரம் பிடிக்கும். இதுவும் தற்காலிகமானதுதான்; ஆறு மணி நேரப் பயணத்துக்கு அது ஈடாகாது.

இனி மனம் நோகும் விஷயத்துக்கு வருவோம். கிளம்பும் நேரத்தைச் சொல்ல வேண்டிய இடம் வாசற்படி அல்ல; “வருகிறோம்” என்று தொலைபேசியில் சொல்லும் அந்த முதல் பேச்சிலேயே அதையும் சொல்லிவிட வேண்டும். “வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறோம், அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டை உங்களோடு சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குப் புறப்படுகிறோம்” என்று உங்கள் கணவரே தம் அக்காவிடம் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் அதற்கு வேறு பொருள் கற்பிக்கப்படலாம். கடைசியாகச் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அந்த வேளை இரவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதைக் காலைக்கு மாற்றி நீங்களே முன்கூட்டிக் கேட்டுக்கொண்டால், அவருடைய அன்புக்கும் இடம் கிடைக்கும், உங்களுக்கும் பகல் வெளிச்சம் கிடைக்கும்.

முந்தைய இரவே பெட்டியைக் கட்டிவிடுங்கள். “புறப்படுகிறோம்” என்று சொல்வதற்கும் கார் நகர்வதற்கும் இடையே எந்த வீட்டிலும் ஒரு மணி நேரம் ஓடிவிடும். அதைத் திருட்டுபோன நேரமாக நினைக்காமல் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் தாமதமாகி இருட்டிவிட்டால், அன்றிரவு அங்கேயே தங்கி, நன்றாகத் தூங்கி எழுந்து, விடிந்த பிறகு கிளம்புங்கள். அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு கேட்பது, நடந்ததை நினைக்கும்போது, ஒரு பொருட்டே அல்ல.

கேள்வி: என் எட்டு வயது மகள் அத்தை வீட்டில் முதல் நாள் இரவு முழுவதும் புரண்டுகொண்டே இருந்தாள். எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. வளர்ப்பு சரியில்லை என்று என் மாமியார் சொல்கிறார். இது பழக்கக் கோளாறா?

பதில்: வளர்ப்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. புதிய இடத்தில் முதல் இரவு தூக்கம் கெடுவதைத் தூக்க ஆய்வாளர்கள் 1960களிலேயே கவனித்து, அதற்கு ‘முதல் இரவு விளைவு’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அதன் காரணத்தை 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாகோ தமாகி, யுகா சசாகி ஆகியோரின் குழு ஆராய்ந்தது. பெரியவர்களை வைத்துச் செய்த அந்த ஆய்வில், முதல் இரவில் மூளையின் இடது பாதியின் ஒரு பகுதி வலது பாதியைவிட இலேசாகவே உறங்குவதும், சிறு ஓசைக்கும் விழித்துக்கொள்வதும் தெரியவந்தது. காவலுக்கு ஒருவர் விழித்திருப்பதைப் போன்ற ஏற்பாடு அது. இரண்டாவது முறை அதே இடத்தில் உறங்கியபோது அந்த வேறுபாடு காணப்படவில்லை.

அடுத்த முறை மகளின் சொந்தத் தலையணை உறையையோ போர்வையையோ எடுத்துச் செல்லுங்கள். படுப்பதற்கு முன்பு குளியலறை எங்கே, விளக்கு சுவிட்ச் எங்கே, நீங்கள் எந்தப் பக்கம் படுத்திருக்கிறீர்கள் என்பதை அவளுக்குக் காட்டிவிடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே ஓர் இரவு தங்கி மறுநாளே நெடுந்தூரம் திரும்புவதென்றால், வண்டி ஓட்டப் போகிறவரும் அந்த அரைத் தூக்கத்தோடுதான் ஓட்டுவார். தொலைவு அதிகமென்றால் இரண்டு இரவுகளாவது தங்குங்கள்; இல்லையென்றால் அந்தப் பயணத்தை நீண்ட விடுமுறைக்குத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: காரில் ஏறி அரை மணி நேரத்தில் மகன் வாந்தி எடுக்கிறான். போகும்போதும் வரும்போதும் இதே கதை. ஏழு வயது.

பதில்: இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இது அதிகம், வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். உள்காது அசைவை உணர்ந்து சொல்கிறது, கண்ணோ காருக்குள் இருக்கும் அசையாத பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு செய்திகளும் மூளைக்குள் முட்டிக்கொள்வதால் குமட்டல் வருகிறது. ஆகவே கைபேசியும் கதைப் புத்தகமும் வேண்டாம். முன்பக்கக் கண்ணாடி வழியாகத் தொலைவைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் நிறைந்த வயிறும் இரண்டுமே ஆகாது, சிறிதளவு சாப்பிட்டிருக்கட்டும். மாத்திரை வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டுப் புறப்படுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். அத்தகைய மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைப்பவை என்பதால், வண்டி ஓட்டுபவர் அதைத் தொடவே கூடாது.

கேள்வி: போகும்போது நீளமாக இருந்த வழி, வரும்போது சீக்கிரம் முடிந்துவிட்டதாகத் தோன்றுகிறதே, ஏன்?

பதில்: இது உங்களுக்கு மட்டும் தோன்றுவதல்ல. நெதர்லாந்தின் நீல்ஸ் வான் டி வென் தலைமையிலான ஆய்வாளர்கள் 2011இல் இதை ஆராய்ந்தபோது, திரும்பும் பயணம் 17 முதல் 22 விழுக்காடு வரை குறைவாகத் தோன்றுவதைக் கண்டார்கள். போகும்போது எதிர்பார்த்ததைவிட நேரம் இழுத்துவிடுகிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு, திரும்புவதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக் கிளம்புகிறோம். அதனால் சுருக்கமாக முடிந்ததாகப் படுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். தோற்றம்தான் சுருங்குகிறது, தொலைவு அப்படியே இருக்கிறது. இடையில் நிறுத்தும் இடங்களை வரும்போதும் குறைத்துவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டே நாளில் என் பிறந்த வீடு, அவர் சித்தப்பா வீடு, என் அக்கா வீடு, அவர் தங்கை வீடு என்று நான்கு வீடுகள். ஒன்றை விட்டாலும் பேச்சு வரும். என்ன செய்வது?

பதில்: இரண்டு நாளில் நான்கு வீடுகள் என்றால் எந்த வீட்டிலும் நீங்கள் இருந்ததாக ஆகாது, நான்கு வாசல்களில் செருப்பைக் கழற்றி மாட்டியதுதான் மிச்சமாகும். ஒரு பயணத்துக்கு ஒரு வீடு போதும் என்பது என் உறுதியான கருத்து. மிஞ்சிப்போனால், அதே ஊரில் முதியவர் ஒருவர் இருந்தால் அவரையும் பார்த்துவிட்டு வரலாம்.

நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஓர் ஆய்வும் இங்கே பொருந்தும். விடுமுறைக்குப் போகவிருந்தவர்கள் புறப்படுவதற்கு முன்பு மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஆனால் திரும்பிய பிறகும் அந்த மகிழ்ச்சி கூடுதலாக நிலைத்திருந்தது, விடுமுறையை மிகவும் நிதானமாகக் கழித்தவர்களுக்கு மட்டும்தான். ஆண்டுக்கு எத்தனை விடுமுறைகள் வருகின்றன என்று கணவரும் நீங்களும் உட்கார்ந்து எண்ணுங்கள். இரு பக்கத்து உறவுகளுக்கும் மாறி மாறிப் பங்கிட்டு, “இந்த முறை அங்கே, அடுத்த முறை உங்களிடம்” என்று தேதியோடு சொல்லிவிடுங்கள். தேதி சொன்னால் பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும். “பிறகு வருகிறோம்” என்று சொல்வதுதான் மனத்தாங்கலை வளர்க்கிறது.

கேள்வி: நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் மூன்று நாள் இருந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன மாலையில் கட்டிலுக்கு அடியில் பேரனின் ஒற்றைக் காலுறை கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வயது எழுபத்தொன்று. வந்து போவதைவிட வராமலே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

பதில்: அம்மா, என் பெரியம்மாவும் இப்படித்தான் இருந்தார். நாங்கள் கிளம்பிய பிறகு அவர் மறுநாள் வரை எங்கள் போர்வைகளை மடிக்கவே மாட்டார் என்பதை, அவர் மறைந்த பிறகுதான் பெரியப்பா சொல்லித் தெரிந்துகொண்டேன். முன்பே தெரிந்திருந்தால் வீடு சேர்ந்ததும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியிருப்பேன். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

அவர்கள் புறப்படும் மாலையில் நீங்கள் தனியாக இருக்க வேண்டாம். பக்கத்து வீட்டுத் தோழியையோ தங்கையையோ அன்றைக்கென்றே வரச் சொல்லி வையுங்கள். மகனிடம், “வீடு சேர்ந்ததும் சேர்ந்துவிட்டோம் என்று மட்டும் சொல், புதன்கிழமை சாவகாசமாகப் பேசு” என்று கேளுங்கள். களைத்து வந்த இரவில் பேசும் பேச்சு இரு பக்கமும் அவசரமாக முடிந்துபோகும். பேரனோடு எதையாவது பாதியில் நிறுத்தி வையுங்கள்: சொல்லி முடிக்காத கதை, ஆடி முடிக்காத ஆட்டம். அதைத் தொலைபேசியில் தொடரலாம். அடுத்து எப்போது வருவார்கள் என்பதையும், அவர்கள் கிளம்புவதற்கு முன்பே நாள்காட்டியில் பேரன் கையாலேயே வட்டமிட வையுங்கள்.

காலுறையைத் துவைத்து அந்த அறையிலேயே வைத்திருங்கள். புதன்கிழமை பேசும்போது, அது அங்கே இருப்பதைப் பேரனிடம் சொல்லுங்கள்.