பிளேயரை மாற்றினால் வீடியோ ஓடுமா?

கேள்வி: "2015-இல் வாங்கிய லேப்டாப். ஐ3 ஐந்தாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. பழைய படம், பாட்டு எல்லாம் நன்றாக ஓடுகிறது. போன மாதம் அக்கா பெண்ணின் கல்யாணத்தை உறவுக்காரப் பையன் தன் புது ஃபோனில் எடுத்துக் கொடுத்தான். அந்த வீடியோ மட்டும் திக்கித் திக்கி ஓடுகிறது. மேளச் சத்தம் முன்னால் போய்விடுகிறது, தாலி கட்டும் காட்சி பின்னால் வருகிறது. விஎல்சி, கேஎம்பிளேயர், பாட்பிளேயர் மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். கடையில் கொடுத்ததற்கு கோடெக் பேக், ஒரு கிளீனர், ஒரு டிரைவர் அப்டேட்டர் போட்டுத் தந்தார்கள். இப்போது லேப்டாப் எழுந்து உட்காரவே ஐந்து நிமிடம் ஆகிறது. என் மகன் வேறு டெஸ்க்டாப்பில் கடிகாரம், பாட்டுக்கு ஆடும் கோடுகள் என்று என்னென்னவோ வைத்திருக்கிறான். எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது? இன்னொரு சந்தேகம்: டிசம்பர் கடைசியில் விஎல்சி ஐகான் சிவப்புக் குல்லா போட்டிருந்தது. வைரஸா?" (கும்பகோணத்து வாசகர் ஒருவர்)

மூன்று பிளேயரிலும் ஒரே வீடியோ திக்குகிறது, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் நான்காவது பிளேயரைத் தேடிப் போவது வீண் வேலை. கோளாறு பிளேயரில் இல்லை. அதை நீங்களே இரண்டு நிமிடத்தில் உறுதி செய்துகொள்ளலாம்.

அந்த வீடியோவை விஎல்சியில் ஓடவிட்டு, கண்ட்ரோல் பொத்தானுடன் ஜே எழுத்தை அழுத்துங்கள். ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். அதில் கோடெக் (வீடியோவைச் சுருக்கி அடக்கவும் திரும்ப விரிக்கவும் உள்ள முறை) என்ற வரியில் என்ன இருக்கிறது, அளவு என்ன, விநாடிக்கு எத்தனை பிரேம் என்று பாருங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், கோடெக் வரியில் ஹெச்.இ.வி.சி அல்லது ஹெச்.265 என்று இருக்கும். அளவு 3840-க்கு 2160, அதாவது 4கே. பிரேம் 30 அல்லது 60. உங்கள் பழைய படங்களில் ஒன்றைத் திறந்து இதே ஜன்னலைப் பார்த்தால் அங்கே ஹெச்.264 என்று இருக்கும்.

இரண்டு ஃபைலும் எம்பி4 தானே, அப்புறம் ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்பீர்கள். எம்பி4, எம்கேவி என்பதெல்லாம் டிபன் கேரியரின் பெயர்தான். உள்ளே இருப்பது தயிர்சாதமா பிரியாணியா என்பதைக் கேரியரை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஹெச்.264 2003-இல் வந்த முறை. ஹெச்.இ.வி.சி 2013-இல் வந்தது. அதே தரமுள்ள படத்தை ஏறத்தாழப் பாதி இடத்தில் அடக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஃபோனில் இடம் மிச்சமாகும் என்பதால் புது ஃபோன்கள் பலவும் இதில்தான் பதிவு செய்கின்றன. ஆனால் இறுக்கி மடித்த புடவையைப் பிரிக்க அதிக நேரம் ஆவது மாதிரி, இதை அவிழ்க்க அதிகக் கணக்கு போட வேண்டும்.

அந்தக் கணக்கைப் போட ப்ராசஸருக்குள் தனியாக ஒரு மின்சுற்று இருக்கும். இன்டெல்லில் ஹெச்.இ.வி.சிக்கான முழுச் சுற்று ஆறாம் தலைமுறையில்தான் வந்தது. நிறம் கூடுதலாக உள்ள 10 பிட் வகைக்கு ஏழாம் தலைமுறை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உங்களுடையது ஐந்து. ஒரு தலைமுறை முந்திப் பிறந்துவிட்டது, பாவம். ஹெச்.264-க்கு அதில் சுற்று இருப்பதால் பழைய படம் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. புது வீடியோவுக்குப் பொதுவான ப்ராசஸரே முட்டி மோத வேண்டியிருக்கிறது. வீடியோ ஓடும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள், சிபியு நூறு சதவீதத்தில் நின்றிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 4கே வீடியோவில் ஒரு பிரேமுக்கு 83 லட்சம் புள்ளிகள் (பிக்சல்). விநாடிக்கு 60 பிரேம் என்றால் ஏறக்குறைய 50 கோடி. அந்தக் காலத்து சாதாரண லேப்டாப் திரை 1366-க்கு 768, அதாவது பத்தரை லட்சம் புள்ளிதான். 83 லட்சத்தை வியர்க்க விறுவிறுக்க அவிழ்த்து, அதைப் பத்தரை லட்சமாகச் சுருக்கி உங்களுக்குக் காட்டுகிறது. எட்டில் ஏழு பங்கு உழைப்பு கண்ணுக்கே வராமல் போகிறது.

சத்தம் முன்னால் போவதும் இதனால்தான். ஒலியை அவிழ்ப்பது சுலபம், அது நேரத்துக்கு வந்துவிடும், படம் தாமதமாகிறது. விஎல்சியில் ஜே, கே எழுத்துகளைத் தனியாக அழுத்தினால் ஒலியை 50 மில்லிவிநாடி கணக்கில் முன்னே பின்னே நகர்த்தலாம் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவு தள்ளியிருக்கும் படங்களுக்கு. உங்களுடையதில் இடைவெளி கூடிக்கொண்டே போகும், அதனால் இங்கே உதவாது.

கோடெக் பேக் சங்கதியையும் முடித்துவிடுவோம். விஎல்சி தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தன்னோடே சுமந்து வருகிறது. கடைக்காரர் போட்ட பேக்கை அது திரும்பிக்கூடப் பார்க்காது. கே-லைட் போன்ற பேக்குகள் கெட்டவை என்று சொல்லவில்லை. அதோடு வரும் எம்பிசி-ஹெச்சி ஒரு நல்ல, லேசான பிளேயர்; பழைய கணினிகளுக்கு நானே சிபாரிசு செய்வதுண்டு. ஆனால் விஎல்சி இருக்கும்போது பேக் மட்டும் தனியாக எதற்கு? எடுத்துவிடுங்கள்.

சரி, கல்யாண வீடியோவை எப்படித்தான் பார்ப்பது?

வீட்டில் 4கே டிவி இருந்தால் வேலை மிகச் சுலபம். பென்டிரைவில் போட்டு டிவியில் செருகுங்கள். 4கே டிவிகளில் பெரும்பாலும் ஹெச்.இ.வி.சிக்கான சுற்று இருக்கும். பென்டிரைவ் ஃபேட்32 வகையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. இடம் இருந்தும் ஃபைல் மிகப் பெரியது என்று அடம்பிடிக்கும். அப்போது எக்ஸ்ஃபேட் வகையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் டிரைவில் உள்ளதை வேறு இடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள், ஃபார்மேட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும்.

லேப்டாப்பிலேயே பார்க்க வேண்டுமானால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். ஃபைலை இழுத்து அதில் போடுங்கள். ப்ரீசெட் பட்டியலில் 'ஃபாஸ்ட் 1080பி30' என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். வீடியோ ஹெச்.264 ஆகவும், புள்ளிகள் நான்கில் ஒரு பங்காகவும், பிரேம் முப்பதாகவும் மாறும். முதலில் முழு வீடியோவையும் போடாதீர்கள். ரேஞ்ச் என்ற இடத்தில் விநாடிக் கணக்கு கொடுத்து ஒரு நிமிடத் துண்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஹெச்டிஆரில் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகப் பதியும் முறை) எடுத்திருந்தால் பட்டுப்புடவையின் அரக்கு நிறம் வெளிறித் தெரியலாம். அது முதலிலேயே தெரிந்துவிடும். திருப்தியாக இருந்தால் ராத்திரி முழு ஃபைலையும் போட்டு, லேப்டாப் தூங்கிவிடாதபடி பவர் செட்டிங்கை மாற்றிவிட்டு, நீங்கள் தூங்கப் போங்கள். உங்கள் கணினியின் வேகத்துக்கு அது மணிக்கணக்கில் ஓடும். மூல ஃபைலை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். நாளைக்குப் புதுக் கணினி வாங்கினால் அதுதான் பொக்கிஷம்.

அடுத்த விசேஷத்துக்கு ஃபோன்காரப் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஐஃபோனில் கேமரா செட்டிங்கில் ஃபார்மேட்ஸ் என்ற இடத்தில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று வைத்து, அளவை 1080பி ஆக்கிவிட்டால் இந்த ரோதனையே இல்லை. ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பலவற்றிலும் இதற்கு ஒரு சுவிட்ச் உண்டு.

அடுத்தது, லேப்டாப்பில் குடியேறிய கூட்டம். எந்த யுட்டிலிட்டியாக (சின்னச் சின்ன வேலைக்கான மென்பொருள்) இருந்தாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கூப்பிட்டால் வருகிறதா, கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருக்கிறதா? 7-ஜிப் கூப்பிட்டால் வந்து, ஜிப் ஃபைலைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடும். 1999-லிருந்து இகோர் பாவ்லோவ் அதைப் பராமரித்து வருகிறார். காசும் கேட்பதில்லை, விளம்பரமும் காட்டுவதில்லை. டிஸ்க்கில் இடத்தை எது அடைத்திருக்கிறது என்று சதுரம் சதுரமாக வரைந்து காட்டும் விஸ்ட்ரீயும் அப்படியே. இப்படிப்பட்டவை பத்து இருந்தாலும் லேப்டாப்புக்குச் சுமை இல்லை. கணினி ஆன் ஆனவுடன் தானும் எழுந்து, மூலையில் உட்கார்ந்து "உங்கள் கணினியில் 437 பிழைகள்" என்று பயமுறுத்துபவைதான் தொல்லை.

டிரைவர் அப்டேட்டரை முதலில் எடுங்கள். டிரைவர் (கணினியின் பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் நிரல்) வேண்டுமென்றால் விண்டோஸ் அப்டேட் இருக்கிறது, லேப்டாப் தயாரித்தவரின் தளம் இருக்கிறது. கிளீனரும் வேண்டாம். ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேடு) சுத்தம் செய்யும் கருவிகளை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே எழுதிவைத்திருக்கிறது. தேவையில்லாத ஃபைல்களை நீக்க விண்டோஸ் 10 செட்டிங்கில் ஸ்டோரேஜ் பகுதியே போதும். நல்ல பெயர் எடுத்த கிளீனர் என்றாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2017-இல் சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் யாரோ ஊடுருவித் தீய நிரலைச் சேர்த்துவிட்டார்கள். அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கியவர்களுக்கே அது போய்ச் சேர்ந்தது. ஏறத்தாழ 22 லட்சம் கணினிகளில் அந்தப் பதிப்பு இருந்தது. பின்னால் சரிசெய்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இவற்றை நீக்கிய பிறகு டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், தெரிந்த பெயர்களில் தேவையில்லாததை டிஸேபிள் செய்யுங்கள். ஆன்டிவைரஸையும் டச்பேடு, ஒலி சம்பந்தப்பட்டவற்றையும் தொட வேண்டாம். கேஎம்பிளேயர், பாட்பிளேயர் இரண்டையும் எடுத்துவிடலாம்; மூன்று பிளேயர் ஒரு வீட்டுக்கு அதிகம்.

என் விதிக்கு விலக்கும் ஒன்று உண்டு. 'எவ்ரிதிங்' என்ற தேடுகருவி பின்னணியில் உட்கார்ந்துதான் இருக்கும். ஆனால் என்டிஎஃப்எஸ் வகையில் (விண்டோஸின் வழக்கமான வகை) ஃபார்மேட் ஆன டிஸ்க்கின் பெயர்ப் பதிவேட்டை நேராகப் படித்து, ஃபைல் பெயரைத் தட்டத் தட்டவே எடுத்துக் கொடுத்துவிடும். நான் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அதைக் கூப்பிடுகிறேன்; அது உட்கார்ந்துகொள்ளட்டும்.

உங்கள் மகன் வைத்திருப்பது பெரும்பாலும் ரெயின்மீட்டர், டெஸ்க்டாப்பை அலங்கரிக்கும் மென்பொருள். திட்டாதீர்கள், அருமையான மென்பொருள். அந்தக் காலத்தில் வின்ஆம்ப் என்ற பாட்டு பிளேயருக்கு விதவிதமாய் ஸ்கின் (தோற்றம்) மாற்றி அழகு பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான், எனக்கு அந்த ஆசை புரியும். பிரச்சினை ரெயின்மீட்டரில் இல்லை, ஸ்கின்னில். ஆடும் கோடுகளின் மேல் வலது கிளிக் செய்து 'எடிட் ஸ்கின்' கொடுத்தால் ஒரு நோட்பேடு திறக்கும். மேலேயே 'அப்டேட்=16' என்பது போல் ஒரு வரி இருக்கும். 16 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு அறுபது தடவை அது தன்னைத் திரும்ப வரைந்துகொள்கிறது என்று அர்த்தம். கடிகாரத்துக்கு வழக்கமாக இருப்பது 1000. விநாடிக்கு ஒரே தடவை. கடிகாரத்தை விட்டுவிட்டு ஆடும் கோடுகளை மட்டும் அன்லோடு செய்யச் சொல்லுங்கள். பையனும் கோபித்துக்கொள்ள மாட்டான்.

எதை இறக்கினாலும் செய்தவரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடலில் முதலில் வருவது பல நேரம் விளம்பரம். 2022-இல் விஎல்சியின் தளம் இந்தியாவில் பல இணைப்புகளில் முடக்கப்பட்டிருந்தது, நவம்பரில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் அவசரத்துக்கு ஏதோ ஒரு டவுன்லோடு தளத்தில் இறக்கினேன். பிளேயரோடு சேர்ந்து ஒரு டூல்பாரும் புது ஹோம் பேஜும் வந்து இறங்கின. பொறுமையில்லாமல் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' தட்டியது நான்தான்.

இவ்வளவும் செய்தாலும் ஹார்டு டிஸ்க்கில் ஓடும் விண்டோஸ் 10 ஓரளவுக்குத்தான் சுறுசுறுப்பாகும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) இன்னொரு 4 ஜிபி ரேமும் போடுங்கள். எந்த யுட்டிலிட்டியாலும் தர முடியாத வேகம் அதில் கிடைக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. உங்கள் ப்ராசஸர் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. பேங்க் வேலையும் இதிலேயே செய்வதாக இருந்தால் எஸ்எஸ்டி மாற்றும்போதே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்வதை யோசியுங்கள். விஎல்சியும் ஹேண்ட்பிரேக்கும் அதிலும் ஓடும்.

குல்லா வைரஸ் இல்லை. விஎல்சி 1996-இல் பாரிஸ் பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்தது, அந்தக் குறும்பு இன்னும் போகவில்லை. கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில் ஆரஞ்சுக் கூம்புக்குத் தாத்தா குல்லா தானாக ஏறும், புத்தாண்டு பிறந்தால் தானாக இறங்கிவிடும். வேண்டாமென்றால் பிரிஃபரன்ஸஸில் எல்லா விருப்பங்களையும் காட்டச் சொல்லி, இன்டர்ஃபேஸ் பகுதியில் மெயின் இன்டர்ஃபேஸஸின் கீழ் க்யூடி என்பதற்குள் போனால், ஐகான் தானாக மாறுவதை அனுமதிக்கும் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை.