பெயரை நீக்கியது யார்?

கேள்வி: என் அண்ணன் கொலை முயற்சி வழக்கில் ஏழு ஆண்டுத் தண்டனை முடிந்து, தை மாதம் திருச்சி மத்திய சிறையிலிருந்து வந்துவிட்டார். வரும் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டும் என்று பழைய வாக்காளர் அட்டையைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. என் மகளுக்கு வரன் பார்த்த சமயத்தில், அவர் வெளியூரில் குடியேறிவிட்டதாகப் படிவம் கொடுத்திருந்தோம். தண்டனை பெற்றவருக்கு ஓட்டுரிமை உண்டா? இல்லையென்றால் பக்குவமாக எப்படிச் சொல்வது?
- வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: உண்டு, தம்பி. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 62(5) பிரிவு, சிறைக்குள் இருப்பவரைத்தான் வாக்களிக்கக் கூடாது என்கிறது. தண்டனை முடிந்து வெளியே வந்ததும் அந்தத் தடை போய்விட்டது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் விடுதலைக்குப் பிறகும் 6 ஆண்டுகள் தேர்தலில் நிற்க முடியாது. அது போட்டியிடுவதற்கான தடை. அதையும் ஓட்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

"படிவம் கொடுத்திருந்தோம்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அதில் கையெழுத்துப் போட்டது யார்?

சட்டம் உங்கள் அண்ணன் பெயரைத் தொடவே இல்லை. சிறையில் இருப்பதாலேயே ஒருவர் அங்கே குடியிருப்பவராகிவிட மாட்டார் என்று 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. உள்ளே இருப்பவர் ஓட்டுப் போட முடியாவிட்டாலும், பட்டியலில் பெயர் உள்ளவரை வாக்காளர் இல்லை என்று சொல்ல முடியாது என்பதை 2013-இல் வந்த திருத்தம் உறுதி செய்துவிட்டது. ஏழு ஆண்டும் அரசாங்கம் உங்கள் கதவு எண்ணுக்குக் கீழே அவர் பெயரை வைத்திருக்கத் தயாராக இருந்தது. சம்பந்தி வீட்டார் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து அதை அடித்தது கூடப்பிறந்தவர்கள். வாக்காளர் பட்டியலுக்குத் தெரிந்தே பொய் எழுதிக் கொடுப்பது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதாவது தெரியுமா?

இந்த லட்சணத்தில் பக்குவமாகச் சொல்ல வழி கேட்கிறீர்கள். சட்டம் தடுக்கிறது என்று இன்னொரு பொய்யா? அவர் செய்தது குற்றம்தான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. நீதிமன்றம் விதித்ததை அனுபவித்துவிட்டு வந்திருக்கிறார். அதற்கு மேல் ஒரு தண்டனை கொடுக்கத் தம்பிக்கு என்ன அதிகாரம்? மகளைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் பெரியப்பா இருப்பதையே மறைத்து முடிக்கும் சம்பந்தத்தில், அந்தப் பெண்தான் காலமெல்லாம் புகுந்த வீட்டில் பயந்து பயந்து பேச வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். அதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

பழைய அட்டை மட்டும் இருந்தால் போதாது, பட்டியலில் பெயர் வேண்டும். வயதுச் சான்றும் முகவரிச் சான்றும் வைத்து, பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் 1950 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம். தள்ளிப்போடாதீர்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க மாட்டார்கள்.

அதற்கு முன்னால், பெயரை நீக்கியது நீங்கள்தான் என்பதை அண்ணனிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். படிவம் 6-இல், அதே வீட்டில் ஏற்கெனவே வாக்காளராக இருக்கும் உறவினரின் பெயரும் உறவுமுறையும் அட்டை எண்ணும் எழுத ஓர் இடம் இருக்கிறது. அங்கே உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள்.