கோசோ தீவைச் சுற்றிப் பார்க்க உள்ளூர் வழிகாட்டி தேவையா?

மத்தியதரைக் கடலில் கூட்டமில்லாத தீவு ஒன்று சொல்லுங்கள், அங்கே வழிகாட்டி வைத்துக்கொள்வது வீண் செலவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு கோசோவுக்கு. மால்டா நாட்டின் இரண்டாவது பெரிய தீவு, பரப்பளவு 67 சதுர கிலோமீட்டர்தான். ராம்லா கடற்கரையின் செம்மணலில் கால் நனைக்க யாரும் துணைக்கு வர வேண்டாம். மற்ற இடங்களுக்கு ஒரு நாளாவது வழிகாட்டி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பார்க்க வேண்டியதில் பாதி, சும்மா பார்த்தால் தெரியாது.

த்வெய்ரா குடாவையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் எல்லோரும் படமெடுத்துத் தள்ளிய 'அஸூர் விண்டோ' என்ற பாறை வளைவு அங்கேதான் இருந்தது. 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. இப்போது வருகிறவர்கள் வெறும் கடலைப் பார்த்துவிட்டு, 'இதற்கா வந்தோம்' என்று பஸ் ஏறுகிறார்கள். எங்கள் வழிகாட்டி ஓய்வுபெற்ற ஆசிரியை. அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. குடாவின் வாயில் தனியே நிற்கும் ஒரு பாறையைக் காட்டினார். பெயர் ஃபங்கஸ் ராக், அதாவது காளான் பாறை. அதில் வளரும் கருஞ்சிவப்புச் செடி ரத்தப்போக்கை நிறுத்தும் என்று மால்டாவை ஆண்ட புனித ஜான் வீரர்கள் என்ற கிறித்துவப் படைச் சபையினர் நம்பினார்களாம். 18ஆம் நூற்றாண்டில் பாறைக்குக் காவல் போட்டு, தங்கள் ஆட்கள் மட்டும் போய்வரக் கயிற்றில் ஓடும் பெட்டியும் கட்டியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அது காளானே இல்லை, வேறு செடிகளின் வேரை ஒட்டி வாழும் ஒரு பூச்செடி. அங்கேயே உள்கடல் என்ற குட்டிக் குளம் ஒன்று உண்டு. படகில் ஏறினால் பாறைக்குள் இருக்கும் குகை வழியாக வெளிக்கடலுக்குக் கூட்டிப்போவார்கள், விட்டுவிடாதீர்கள்.

விக்டோரியா நகரின் மேட்டில் நிற்கும் சித்தாதெல்லா கோட்டை வெளியிலிருந்து அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே வடக்குப் பக்கம் போனால் கூரையில்லாத வீடுகள், மொட்டைச் சுவர்கள். 1551இல் துருக்கியக் கடற்படை வந்து கோட்டையைப் பிடித்து, தீவில் இருந்த சுமார் 5,000 பேரை, அதாவது கிட்டத்தட்ட எல்லோரையும், அடிமைகளாகக் கொண்டுபோனது. அந்தப் பயத்தில், 1637 வரை இரவானால் மக்கள் கோட்டைக்குள் வந்துதான் படுக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. இதைக் கேட்டபிறகு அந்த இடிபாடுகளுக்கு நடுவே நின்று செல்ஃபி எடுக்க எனக்குக் கை வரவில்லை.

ஜிகாந்தியா கோயில்கள் எகிப்தின் பிரமிடுகளைவிட மூத்தவை, 5,500 ஆண்டுப் பழமை. சில கற்கள் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். ராட்சசி ஒருத்தி கைப்பிள்ளையோடு இவற்றைத் தூக்கி வந்து அடுக்கினாள் என்று ஊர்க்கதை. ஆனால் அங்கே கிடைத்த உருண்டைக் கற்களைப் பாருங்கள். பெரிய கற்களை அவற்றின் மேல் உருட்டிக் கொண்டுவந்திருக்கலாம் என்கிறார்கள். வழிகாட்டி சொல்லாவிட்டால் நான் அவற்றைத் தாண்டிப் போயிருப்பேன்.

ஷ்வெய்னி உப்பளத்தில் சுண்ணாம்புப் பாறையிலேயே வெட்டிய பாத்திகள். கோடையில் கடல்நீர் வற்றியதும் துடைப்பத்தால் உப்பைக் கூட்டி எடுக்கிறார்கள். அது குடும்பங்களின் பிழைப்பு, செருப்புக் காலோடு பாத்திக்குள் இறங்க வேண்டாம்.

இன்னொன்று, விக்டோரியா என்ற அந்தச் சின்ன ஊரில் ஒரே தெருவில் இரண்டு ஓபரா (இசை நாடக) அரங்குகள், அஸ்த்ரா, அவுரோரா. இரண்டும் போட்டி இசைக்குழுச் சங்கங்களுடையவை. ஆண்டுதோறும் ஆளுக்கொரு ஓபரா போடுவார்கள், அதுவும் அக்டோபரில். அதைப் பற்றிக் கேட்டால் எந்த உள்ளூர்க்காரரும் அரை மணி நேரம் பேசுவார்.

சரி, நடைமுறைக்கு வருவோம். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் மால்டாவும் அடங்கும், ஆங்கிலமும் அங்கே ஆட்சிமொழி. ஆகஸ்ட்டில் போகாதீர்கள், வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும். ஏப்ரல், மே அல்லது அக்டோபர் நல்லது. உரிமம் பெற்ற வழிகாட்டிகள் அடையாள அட்டை அணிந்திருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டே பேசுங்கள். முழு நாள் கட்டணம் கையைக் கடித்தால், த்வெய்ராவும் கோட்டையும் மட்டும் சேர்த்து அரை நாளுக்குக் கேளுங்கள். மாலைப் படகில் பகல்நேரப் பயணிகள் கிளம்பியபிறகுதான் தீவு அமைதியாகிறது, அதனால் ஓரிரவாவது தங்குவது நல்லது. மால்டா பெரிய தீவின் சிர்கெவ்வா துறையிலிருந்து கோசோவுக்குப் போகும் கார் படகுக்கு டிக்கெட்டைத் திரும்பும்போதுதான் கேட்பார்கள், போகும்போது கவுண்டரைத் தேடி அலைய வேண்டாம்.