செல்லின் கொழுப்புச் சவ்வில் பதிந்திருக்கும் சவ்வுப் புரதத்தின் அமைப்பை அறிய, ஆய்வகத்தில் செய்யும் மாதிரிக் கொழுப்புச் சவ்வு எதற்கு? சோப்பு போன்ற டிடர்ஜென்டில் கரைத்தால் போதாதா?

சில புரதங்களுக்குப் போதும். ஆனால் எனக்கு அதில் முழு நம்பிக்கை வந்ததில்லை.

என் ஊர் வாலிநோக்கம் பக்கம். உப்பு விளையும் தறுவாயில் பாத்தித் தண்ணீர் சிவந்து கிடக்கும். சிறுவயதில் அதைத் துரு என்று நினைத்தேன். உப்பை விரும்பும் நுண்ணுயிர்களுக்கு அந்தச் சிவப்பில் பங்கு உண்டு. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஹாலோபாக்டீரியம் சலினாரத்தின் ஊதாச் சவ்வில், எடைக்கு முக்கால் பங்கு பாக்டீரியோரோடாப்சின் என்ற ஒரே புரதம், மீதிதான் கொழுப்பு. ஓலைப்பாய் முடைந்ததுபோல் அவ்வளவு ஒழுங்கான அடுக்கு. 1975இல் ஹெண்டர்சனும் அன்வினும் அந்தச் சவ்வையே மின்னணு நுண்ணோக்கியில் வைத்து, அதை ஊடுருவும் ஏழு சுருள்களைக் கண்டார்கள். புரதத்தைக் கரைத்துப் பிரிக்க வேண்டிய வேலையே இல்லை.

மற்றப் புரதங்கள் இவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. டிடர்ஜென்ட் போட்டுப் பிரித்தால் புரதத்தைச் சுற்றி மைசெல் என்ற டிடர்ஜென்ட் உருண்டை அமைகிறது. ஈரடுக்குச் சவ்வில் சுமார் 3 நானோமீட்டர் தடிமனுள்ள கொழுப்புப் பகுதி புரதத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பிடிக்கும். மைசெல்லில் அந்தப் பிடி வேறு. கரைவலையில் வந்த சொறிமீனை (ஜெல்லிமீனை) மணலில் போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். எல்லாப் புரதமும் அப்படிக் குழைவதில்லை. குழைந்ததா இல்லையா என்று பார்த்ததும் தெரியாது, அதுதான் தொல்லை.

இன்ஃபுளுவென்சா வைரஸின் சவ்வில் அயனி போகும் துளையாக இருக்கும் எம்2 புரதத்தைப் பாருங்கள். 2008இல் இரண்டு அமைப்புகள் வெளிவந்தன. மைசெல்லில் ஆராய்ந்தவர்கள், அதைத் தடுக்கும் மருந்து மூலக்கூறுகள் புரதத்தின் வெளிப்பக்கத்தில் ஒட்டுவதாகச் சொன்னார்கள். படிகத்தில் ஆராய்ந்தவர்கள், துளைக்குள் என்றார்கள். 2010இல் கொழுப்பு ஈரடுக்கில் வைத்துத் திண்மநிலை என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) ஆய்வு செய்தபோது, மருந்து இறுக்கமாகப் பிணைவது துளைக்குள்தான் என்று தெரிந்தது. அளவு மிஞ்சினால் மட்டுமே வெளியிலும் ஒட்டியது. இரு குழுக்களும் எடுத்த புரதத் துண்டின் நீளம் ஒன்றல்ல என்பதால், பழி முழுவதையும் மைசெல் மேல் போட மாட்டேன்.

எதைத் தேர்வது? மாதிரியை உறையவைத்துப் பார்க்கும் கிரையோ மின்னணு நுண்ணோக்கி என்றால் நானோடிஸ்க்தான் என் முதல் தேர்வு. சுமார் 10 நானோமீட்டர் அகலக் கொழுப்பு வட்டு. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்டதுபோல் அதைச் சுற்றி ஒரு புரதம். அயனி உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால் அது உதவாது. உள், வெளி என்று இரண்டு பக்கம் இருக்கும் லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழி வேண்டும். படிகம் வளர்க்க, 1996இல் லாண்டாவும் ரோசன்புஷ்ஷும் காட்டிய கனசதுரக் கொழுப்பு நிலை இருக்கிறது; கொழுப்பு ஈரடுக்கு முப்பரிமாண வலையாக ஓடும் நிலை அது. அவர்கள் அதில் வளர்த்ததும் பாக்டீரியோரோடாப்சினைத்தான்.

வெப்பநிலையை மறந்துவிடாதீர்கள். டிஎம்பிசி என்ற கொழுப்பு சுமார் 24 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும். எங்கள் ஊர் வெயிலில் அது இறுக வழியே இல்லை. நான் வேலை பார்த்த ஆய்வகத்திலோ குளிர்சாதனம் 20இல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரத் தரவைத் தூக்கிப் போட்டேன். இப்போதெல்லாம் உள்ளே நுழைந்ததும் முதலில் சுவரிலுள்ள அந்த எண்ணைத்தான் பார்க்கிறேன்.